மரபணுத் தரவைப் பலரும் பயன்படுத்தும்படி சேர்த்துவைப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிதி கிடைத்துவிட்டது. மருத்துவர்கள் தயார். டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் எந்த சீக்வென்சிங் இயந்திரத்தில் மாதிரிகளை ஓட்டுவது என்று பேச்சு நடக்கிறது. மரபணு ஆராய்ச்சிக்குப் புதிதாக வரும் குழுக்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், "தரவை எப்படிப் பகிர்வது?" என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியை ஒரு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். முதல் ரத்தக் குழாய் நிரம்பும் முன்பே மூன்று காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்: ஒப்புதல் படிவம், தரவு அகராதி, தரவை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்கிற விதி. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். இவற்றில் கோட்டைவிட்டால், எவ்வளவு நல்ல இயந்திரத்தில் ஓட்டினாலும் அந்தத் தரவு உங்கள் அறையைத் தாண்டாது. அதனால் இங்கே இயந்திரத்தைப் பற்றிக் குறைவாகவும் காகிதத்தைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

ஏன் இந்தப் பாடு?

நோய்க்கும் மரபணு மாறுபாடுகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் பெரிய ஆய்வுகளில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று 2016இல் ஒரு கணக்கெடுப்பு வந்தது. 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்க வம்சாவளியினர் 3 சதவீதம்தான். இந்த இடைவெளியால் விடுபட்டவர்களுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பிசிஎஸ்கே9 என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 2 சதவீதம் பேரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்திருப்பதும், அவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருப்பதும் 2005இல் தெரியவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அந்த மாறுபாடுகள் மிக அரிது. அந்தத் தடத்தைப் பிடித்துப் போய் உருவான மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்தன. இன்று எல்லா இனத்து இதய நோயாளிகளும் அவற்றைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் மருந்து சிலருக்குத் தோலே உரிந்துபோகும் அளவுக்கு ஒவ்வாமையைக் கொடுக்கும், உயிரையும் எடுக்கும். எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகைதான் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பது 2004இல் தைவானின் ஹான் சீன நோயாளிகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. ஐரோப்பியர்களிடம் இந்த வகை அநேகமாகக் கிடையாது. அங்கே மட்டும் தேடியிருந்தால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது.

ஆப்பிரிக்காவில் எச்3ஆப்பிரிக்கா என்ற கூட்டுத் திட்டம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தமே 426 பேர்தான். ஆனால் 50 இன, மொழிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் அதுவரை எங்கும் பதிவாகாத மாறுபாடுகள் 30 லட்சத்துக்கும் மேல் கிடைத்தன. நீங்கள் சேர்க்கப்போகும் தொகுப்பு சிறியதாக இருக்கிறதே என்று கூசாதீர்கள்.

முதல் வேலை: மக்களிடம் போவது

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினர் இருக்கிறார்கள். 1990களில், தங்களுக்குள் பரவியிருந்த சர்க்கரை நோய்க்குக் காரணம் தெரியட்டும் என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது போன்ற வேறு ஆய்வுகளுக்கும் போனது பின்னால் தெரிந்தது. வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. ஒரு சமூகம் ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், அடுத்து வரும் நல்ல ஆராய்ச்சியாளரும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017இல் தங்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி நெறிமுறையைத் தாங்களே எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்று தொடங்கி, ஆய்வு யோசனையோடு முதலில் தங்களிடம் வர வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. நீங்கள் போகும் சமூகத்தில் இப்படி எழுதிவைத்த நெறிமுறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். படிவம் அச்சாவதற்கு முன்பே போய் உட்கார்ந்து பேசுங்கள். "எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற முடிவுகளை அன்றே சொல்ல முடியும் என்றால் அதைச் சொல்லுங்கள். புதிய மருந்து வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒப்புதல் படிவத்தில் உயிர்நாடியான வரிகள்

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், பழைய படிவம் ஒன்றை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதில் நடுப்பக்கத்தில் ஒரு வரி: "உங்கள் மாதிரியும் தகவல்களும் இந்த ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும், ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்." மாதிரி சேகரிப்பு முடிந்த பிறகுதான் எங்களில் யாரோ அதைக் கவனித்தார். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் போனோம். ஒவ்வொருவரையும் மறுபடி பார்த்து ஒப்புதல் வாங்கச் சொன்னார்கள், அவர்கள் சொன்னது சரிதான். பாதிப் பேர் வீடு மாறியிருந்தார்கள். சிலர் இறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் தரவின் பெரும்பகுதி இன்றும் பூட்டியே கிடக்கிறது.

அதனால் படிவத்தில் இவை தெளிவாக இருக்கட்டும். எதிர்காலத்தில் வேறு நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் தரவு போகலாமா? வேறு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கேட்டால் கொடுக்கலாமா? மருந்து நிறுவனங்களுக்கு? பரிசோதனையில் உடல்நலத்துக்கு முக்கியமான ஏதாவது தெரியவந்தால் அவரிடம் சொல்ல வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம், இல்லை கட்டங்கள் வையுங்கள். மொத்தமாக ஒரே கையெழுத்து வாங்குவது சுலபம்தான். ஆனால் "கம்பெனிக்கு வேண்டாம், மற்றதுக்குச் சரி" என்று நினைப்பவர் மொத்தத்தையும் மறுத்துவிடுவார்.

விலகும் உரிமையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒருவர் விலகினால் அவரது மாதிரியை அழிக்கலாம், இனிமேல் பகிர்வதை நிறுத்தலாம். ஏற்கெனவே வெளியே போன பிரதியைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் மொழி. பல மொழிகளில் மரபணுவுக்குப் புழக்கத்தில் சொல் கிடையாது. மொழிபெயர்த்த படிவத்தை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். எங்கே அர்த்தம் நழுவியிருக்கிறது என்று அப்போது பளிச்சென்று தெரியும். வழக்கமாக நழுவுவது "பகிர்தல்" என்ற சொல்தான். விற்பனை என்றே சிலர் புரிந்துகொள்வார்கள்.

தரவு அகராதி: சலிப்பான வேலை, ஆனால் அடித்தளம்

மூன்று மருத்துவமனைகளிலிருந்து மூன்று எக்செல் தாள்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்த சர்க்கரை என்ற நெடுவரிசையில் ஒரு தாளில் 101 என்று இருக்கிறது, இன்னொன்றில் 5.6. இரண்டும் ஒரே அளவுதான். ஒன்று மில்லிகிராம் கணக்கு, மற்றொன்று மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் ஒன்று மற்றதாகிவிடும். இது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். அது சாப்பிடும் முன் எடுத்ததா, பின் எடுத்ததா? முதல் தாளில் அதற்கென்று நெடுவரிசையே இல்லை. இரண்டாவதில் ஆம், இல்லை என்று இருக்கிறது. மூன்றாவதில் 1, 0, வெற்று, −9 எல்லாம் கலந்து கிடக்கிறது. வெற்று என்றால் கேட்கவில்லையா, கேட்டும் அவருக்குத் தெரியவில்லையா? 0 என்றால் இல்லை என்றா, தகவல் இல்லை என்றா? தாளை நிரப்பிய செவிலியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இனி இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

தரவு அகராதி என்பது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிவைத்த தாள். ஒவ்வொரு மாறிக்கும் (அதாவது தாளின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும்) ஒரு வரி: பெயர், என்ன அளக்கிறது, எந்த அலகு, எந்தக் கருவி, ஏற்கத்தக்க மிகக் குறைந்த மதிப்பும் மிக அதிக மதிப்பும், கேட்கவில்லை என்பதற்கு ஒரு குறி, தெரியாது என்பதற்கு வேறொரு குறி. நோய்ப் பெயர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி குறியீடுகள், உடல் அறிகுறிகளுக்கு எச்பிஓ என்ற சொற்கோவை என்று ஏற்கெனவே இருப்பவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே புதிதாகக் குறியீடு போட்டால் நாளைக்கு வேறொரு நாட்டின் தரவோடு சேர்க்கவே முடியாது.

வயதுக்குப் பதிலாகப் பிறந்த வருடம் கேளுங்கள். தேதிகளுக்கு வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசை. 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை போட வேண்டியிருக்காது. முடிந்தவரை எக்செல்லில் நேரடியாகத் தட்டாமல், ரெட்கேப் போன்ற படிவ மென்பொருளைப் பயன்படுத்துங்கள். தவறான மதிப்பைத் தட்டினால் அங்கேயே எச்சரிக்கும். லாப நோக்கற்ற நிறுவனங்கள் உரிமக் கட்டணம் இல்லாமல் அதைப் பெறலாம். எக்செல்லில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். உலகம் முழுக்க இந்தக் குழப்பம் நடந்து, கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே அதன் பெயரை செப்டின்2 என்று மாற்றியது.

குழாயில் ஒட்டும் எண்

மாதிரி எண்ணில் ஊர்ப் பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பெயரின் முதலெழுத்து எதுவும் வரக் கூடாது. அர்த்தமில்லாத எண்ணாகவே இருக்கட்டும். கூடவே, தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணையும் ஆளையும் இணைக்கும் பட்டியல் வேறு கணினியில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உறைநிலைப் பெட்டிக்கு மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், அலாரம் யார் போனுக்கு அடிக்கும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

மாதிரிகள் மாறிப்போவது எவ்வளவு கவனமாக இருந்தாலும் நடக்கும். கண்டுபிடிக்கும் முதல் வழி, பாலினச் சோதனை. ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே ஒன்றுதான் என்பதால், அதில் டிஎன்ஏவின் ஏ, சி, ஜி, டி எழுத்துகளில் இரு வேறு எழுத்துகள் சேர்ந்து வரும் இடங்கள் அநேகமாக இருக்காது. பிளிங்க் என்ற மென்பொருள் இதை எஃப் என்ற எண்ணாகத் தரும். ஆணுக்கு 1ஐ ஒட்டி, பெண்ணுக்கு 0வை ஒட்டி வரும். ஒரு முறை பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, பெண் என்று எழுதிய மாதிரிக்கு 0.98 என்றும், அதற்கு அடுத்த வரியில் ஆண் என்று எழுதிய மாதிரிக்கு 0.03 என்றும் இருந்தது. பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள் இடம் மாறியிருந்தன. மீதி இருந்த ரத்தத்தைத் திரும்பச் சோதித்து உறுதி செய்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எண் பொருந்தவில்லை என்றதும் தாளில் பாலினத்தைத் திருத்திவிடாதீர்கள். குரோமோசோம் எண்ணிக்கையில் இயல்பாகவே வேறுபாடு உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தாளும் சரி, மாதிரியும் சரி. அதேபோல உறவுமுறைச் சோதனையில் அப்பா என்று எழுதியவர் அப்பா இல்லை என்று வரலாம். அப்படி வந்தால் யாரிடமும் சொல்வதில்லை என்ற முடிவை நெறிமுறைக் குழுவோடு முன்பே எடுத்துவைக்க வேண்டும்.

கோப்புகளும் இணையமும்

ஒருவரின் முழு ஜீனோமை, அதாவது டிஎன்ஏ முழுவதையும், 30 மடங்கு ஆழத்தில் (ஒவ்வொரு இடத்தையும் சராசரியாக 30 முறை) படித்து, கிராம் என்ற சுருக்க வடிவில் வைத்தால் தோராயமாக 20 ஜிபி ஆகும். 1,000 பேர் என்றால் 20 டெராபைட். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடினாலும் இதை அனுப்ப 18 நாட்களுக்கு மேல் பிடிக்கும். 10 மெகாபிட் என்றால் ஆறு மாதம். நடுவில் ஒரு மின்வெட்டு வந்தால் சாதாரண தரவிறக்கம் தொடக்கத்துக்கே போய்விடும். அதனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் குளோபஸ் போன்ற கருவிகளையோ, ஹார்ட் டிஸ்கைக் கையில் கொண்டுபோவதையோ முன்கூட்டியே திட்டமிடுங்கள். எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எண் (கோப்பில் ஏதாவது மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) எடுத்து, மறுமுனையில் ஒப்பிட்டுப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள்.

கிராம் கோப்பில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொது வரிசையான ரெஃபரன்ஸ் ஜீனோமிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது என்பதை மட்டும் எழுதிவைத்துத்தான் அது இடத்தை மிச்சம் பிடிக்கிறது. அதே ரெஃபரன்ஸ் கோப்பு இல்லாவிட்டால் திறக்க முடியாது. அந்தக் கோப்பையும் பக்கத்திலேயே சேமித்துவையுங்கள். இந்த ரெஃபரன்ஸின் பதிப்புகளில் 2009இல் வந்த ஜிஆர்சிஎச்37, 2013இல் வந்த ஜிஆர்சிஎச்38 இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் இருக்கும் இட எண் மற்றதில் வேறு எழுத்தைக் காட்டும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதைக் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுவது என் வழக்கம்.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, செய்துவிடுங்கள்.

யாருக்கு எவ்வளவு திறப்பது?

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் போய்விடும் என்பது மரபணுத் தரவில் செல்லாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 30 முதல் 80 மரபணுக் குறிகள் (ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் இடங்கள்) கிடைத்தாலே ஓர் ஆளைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று 2004இலேயே கணக்கிட்டார்கள். 2008இல் இன்னும் ஒரு படி மேலே போய், நூற்றுக்கணக்கானவர்களின் மரபணு மாறுபாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்காட்டும் அட்டவணையிலிருந்தும் ஒரு குறிப்பிட்ட ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று சொல்ல முடியும் எனக் காட்டினார்கள். அதைப் பார்த்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் அந்த மாதிரி அட்டவணைகளைப் பொதுத் தளத்திலிருந்து எடுத்துவிட்டன.

அதனால் அடுக்கடுக்காகத் திறக்க வேண்டும். எத்தனை பேர், எந்த நோய், என்னென்ன அளவுகள் என்ற விவரம் எல்லோருக்கும் தெரியட்டும். அது தெரியாவிட்டால் உங்களிடம் தரவு இருப்பதே யாருக்கும் தெரியாது. தொகுத்த எண்ணிக்கைகளைப் பதிவு செய்தவர்கள் பார்க்கட்டும், ஆனால் மிகச் சிறிய குழுக்களை மறைத்துவிடுங்கள். ஒரு சின்னக் கிராமத்தில் அரிய நோயுள்ளவர் ஒருவர்தான் என்றால் எண்ணே பெயரைச் சொல்லிவிடும். ஆள்வாரியான தரவு, தரவு அணுகல் குழுவின் அனுமதியோடு மட்டும்.

அந்தக் குழுவில் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவர் ஒருவரும், ரத்தம் கொடுத்த சமூகத்திலிருந்து ஒருவரும் வேண்டும். விண்ணப்பத்துக்கு எத்தனை நாளில் பதில் என்று கெடு வையுங்கள். 30 நாள் நியாயமானது. நான் பார்த்தவரை, குழுக்கள் மறுப்பதைவிடப் பதில் போடாமல் விடுவதுதான் அதிகம். மாதக்கணக்கில் காத்திருந்த மாணவர் வேறு தரவைத் தேடிப் போய்விடுவார், பெரும்பாலும் மறுபடி ஐரோப்பியத் தரவுக்கே. யார் எதற்குக் கேட்டார்கள் என்று ஒப்புதலோடு ஒப்பிடுவதற்கு, டியூஓ என்ற பொதுக் குறியீட்டுமுறை இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சி மட்டும், குறிப்பிட்ட நோய் மட்டும், லாப நோக்கற்றவர்கள் மட்டும் என்று ஒப்புதலின் எல்லைகளைக் கணினி படிக்கும்படி அதில் குறிக்கலாம். படிவத்தில் நீங்கள் வைத்த ஆம், இல்லை கட்டங்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

எங்கே வைப்பது என்றால், உங்கள் நாட்டிலேயே தேசியத் தரவு மையம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். இந்தியாவின் ஜீனோம்இந்தியா திட்டம் தன் 10,000 பேரின் தரவை ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைத்து 2025 ஜனவரியில் திறந்தது. எச்3ஆப்பிரிக்கா தன் தரவை ஐரோப்பிய ஜீனோம்-ஃபினோம் காப்பகமான இஜிஏவில் வைத்தது, ஆனால் அனுமதி கொடுக்கும் குழுவைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கோப்பு எங்கே இருக்கிறது என்பதைவிடச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது முக்கியம். தனிநபர் தரவுச் சட்டங்களையும் பாருங்கள். பிரேசில் 2018இலும், கென்யா 2019இலும், இந்தியா 2023இலும் கொண்டுவந்துவிட்டன. எல்லை தாண்டி அனுப்புவதற்கு ஒவ்வொன்றிலும் தனி விதிகள் உண்டு.

உழைத்தவர்களுக்கு முதல் வாய்ப்பு

2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கொடுப்பதை நிறுத்தியது. தங்கள் மாதிரியிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்யும், அதை வாங்கத் தங்களுக்கே கட்டுப்படியாகாது என்பதுதான் குறை. பேச்சுவார்த்தை 2011 வரை இழுத்து, பலனைப் பகிர்வதற்கென்று ஓர் உடன்பாடு வந்தது. மரபணுத் தரவிலும் இதே கோபம் உண்டு. வெயிலில் அலைந்து மாதிரி சேர்த்தது ஒருவர், சக்திவாய்ந்த கணினி வைத்திருந்ததால் முதல் கட்டுரையை எழுதியது இன்னொருவர்.

எச்3ஆப்பிரிக்கா தரவு சேர்த்த குழுக்களுக்கு முதலில் கட்டுரை எழுதக் கால அவகாசம் கொடுத்தது. நீங்களும் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ அவகாசம் வைத்து, அதன் கடைசித் தேதியை வெளிப்படையாக அறிவியுங்கள். தேதி இல்லாத அவகாசம் பூட்டாகிவிடும். அந்த அவகாசத்தில் ஆய்வு செய்ய உள்ளூரில் ஆள் வேண்டும், அதனால் பயிற்சிக்கான பணத்தை முதல் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். எச்3ஏபயோநெட் என்ற வலையமைப்பு 2016இல் பயோஇன்ஃபர்மாடிக்ஸ் (உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் துறை) அறிமுக வகுப்பை 10 ஆப்பிரிக்க நாடுகளில் 20 மையங்களில் ஒரே நேரத்தில் நடத்தியது. இணையம் மெதுவான இடங்களுக்காக விரிவுரைகளை முன்பே பதிவு செய்து அனுப்பினார்கள். சந்தேகம் கேட்க ஒவ்வொரு மையத்திலும் உள்ளூர் ஆசிரியர் இருந்தார். நான் பார்த்த பயிற்சி முறைகளில் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

நிதி முடிந்த மறுநாள்

எச்3ஆப்பிரிக்கா 2012 முதல் 2022 வரை பத்து வருடம் நடந்தது. பெரும்பாலான திட்டங்களுக்கு மூன்று முதல் ஐந்து வருடம்தான் கிடைக்கும். அதற்குப் பிறகு வட்டுக்கும் மின்சாரத்துக்கும் யார் பணம் கட்டுவார், அணுகல் குழுவின் மின்னஞ்சலை யார் பார்ப்பார் என்பதை ஒப்பந்தத்தில் ஆளின் பெயரால் எழுதாமல் பதவியின் பெயரால் எழுதுங்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

வருடத்தில் ஒரு நாள் ஒதுக்கி, திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பிரதி வைத்த வட்டையும் ஆவணக் கோப்பையும் மட்டும் கொடுங்கள். ஏதாவது ஒரு மாதிரி எண்ணைச் சொல்லி, அதன் கிராம் கோப்பைத் திறந்து, அந்த நபர் எந்தெந்தப் பயன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உதவாதீர்கள். அவர் எங்கே திணறுகிறாரோ, அன்று மாலையே அந்த இடத்துக்கு ஆவணத்தில் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.